புல்லாகிப் பூடாகி வந்தது யார்?

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். நான், என் அப்பா, அக்கா மகள். அவள் உயர்நிலை நான்கில் படிக்கிறாள். வரிசை நகர்வதாக இல்லை. அப்பா கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி அவளுக்கு அவதாரக் கதை சொல்லத் தொடங்கினார்.

"பாரம்மா, முதலில் மீன். அப்புறம் தண்ணீரிலும் தரையிலும் இருக்கிற ஆமை. அப்புறம் தரையில் திரியும் பன்றி. அப்புறம் பாதி மிருகம், பாதி மனுஷன். அப்புறம் குள்ள மனுஷன். கடைசியில் முழு மனுஷன். டார்வின் சொன்னதை நம்மாட்கள் அப்பவே சொல்லிட்டாங்க."

அவள் தலையாட்டினாள். தாத்தா இரண்டடி முன்னே போனதும் என் பக்கம் திரும்பி, "மாமா, நெஜமாவே அப்படியா?" என்று கேட்டாள்.

அன்று வரிசையில் நின்றபடி அவளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இந்தக் கேள்வியை நம் வீடுகளில் நிறையப் பிள்ளைகள் மனத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பள்ளியில் ஒன்று, கோயிலில் ஒன்று கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றா, ஒன்றுக்கொன்று எதிரா என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வந்ததைத் தமிழில் 'பரிணாம வளர்ச்சி' என்கிறோம். பரிணாமம் என்பது டார்வினுக்கு நெடுங்காலம் முன்பே நம் தத்துவங்களில் புழங்கிய சொல். பால் தயிராவதைப் பரிணாமம் என்றது சாங்கியம் என்ற பழைய தத்துவம். பாலுக்குள் ஏற்கெனவே இருந்ததுதான் தயிராக வெளிப்படுகிறது, புதிதாக எதுவும் முளைக்கவில்லை என்பது அவர்கள் கருத்து. அந்தப் பழைய சொல்லோடு நாம் 'வளர்ச்சி' என்ற இன்னொன்றையும் ஒட்டிவிட்டோம். வளர்ச்சி என்றதும் நம் மனக்கண்ணில் வருவது என்ன? சதுப்பு நிலமாக இருந்த ஊர் வீவக அடுக்குமாடி புளோக்குகளும் எம்ஆர்டி ரயிலுமாக எழுந்த காட்சி. கீழிருந்து மேலே, எளியதிலிருந்து சிறந்ததுக்கு. உயிரியல் சொல்லும் பரிணாமத்தில் இப்படி ஒரு மேல்நோக்கிய திசை கிடையாது. ஆன்மிகம் சொல்லும் பரிணாமத்தில் அந்தத் திசைதான் உயிர்நாடி. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்ததால், ஒன்றைக் கேட்கும்போது மற்றது காதில் விழுகிறது. இலங்கைத் தமிழர் பாடநூல்களில் 'கூர்ப்பு' என்பார்கள். 'படிமலர்ச்சி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எந்தச் சொல்லானாலும் சரி, எந்தப் பொருளில் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

கிருமி கற்றுத்தந்த பாடம்

அறிவியல் சொல்வதைப் புரிந்துகொள்ளப் பெரிய தத்துவம் வேண்டாம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்கூட ஒரே அச்சாக இருப்பதில்லை. அந்த வேறுபாடுகளில் பல வழிவழியாக இறங்குகின்றன. தாத்தாவின் மூக்கு பேத்திக்கு வருவதைப் பார்க்கிறோம். பிறக்கிற எல்லா உயிர்களும் வளர்ந்து குட்டி போடும் அளவுக்குப் பிழைப்பதில்லை. இருக்கிற சூழலுக்குப் பொருந்துகிற வேறுபாட்டோடு பிறந்தவை மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகம் பிழைக்கும், கொஞ்சம் அதிகம் குட்டி போடும். அடுத்த தலைமுறையில் அந்த வேறுபாடு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இப்படியே ஆயிரம், இலட்சம் தலைமுறை போனால் கூட்டமே வேறு மாதிரி ஆகிவிடும். இதற்குப் பெயர் இயற்கைத் தேர்வு. தேர்ந்தெடுக்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சல்லடையில் மணல் சலிப்பது போலத்தான்.

இதை நாம் எல்லாரும் நேரில் பார்த்திருக்கிறோம். 2021-இல் இங்கே எல்லார் வாயிலும் கோவிட் கிருமியின் டெல்டா வகை. அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் உலகச் சுகாதார நிறுவனம் ஓமிக்ரான் என்று இன்னொன்றுக்குப் பெயர் வைத்தது. சில மாதங்களுக்குள் டெல்டா ஓரங்கட்டப்பட்டுவிட்டது. கிருமிக்கு மூளை இல்லை, திட்டம் இல்லை. தன்னைப் படியெடுக்கும்போது எழுத்துப்பிழைகள் விழுகின்றன. பெரும்பாலான பிழைகளால் ஒரு பயனும் இல்லை, சில கிருமிக்கே கேடு. எப்போதோ ஒன்றிரண்டு, ஆளுக்கு ஆள் வேகமாகத் தொற்றவோ நம் நோய் எதிர்ப்பிலிருந்து நழுவவோ உதவுகின்றன. அந்தப் பிழையைச் சுமந்தவை பெருகுகின்றன. எந்தக் கிருமியும் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளவில்லை. கூட்டத்தில் எது அதிகம், எது குறைவு என்பதுதான் மாறியது. ஓமிக்ரான் டெல்டாவைவிட 'உயர்ந்த பிறவி' என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். இந்த ஓர் உதாரணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், உயிரியலில் பரிணாமம் என்றால் என்ன என்பது மறக்காது.

இங்கே அடிக்கடி வரும் கேள்வி: "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் புக்கிட் தீமா காட்டில் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது?" பினாங்கில் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரும் நானும் ஒரே கொள்ளுத்தாத்தா வழி. நான் அவரிடமிருந்து வரவில்லை, அவரும் என்னிடமிருந்து வரவில்லை. புக்கிட் தீமாவில் நம் பையைப் பிடுங்கும் நீளவால் குரங்குக்கும் நமக்கும் உறவு அப்படித்தான். இரண்டரைக் கோடி ஆண்டுக்கும் முன்னால் வாழ்ந்த ஒரு பொது மூதாதை. சிம்பன்ஸியோடு என்றால் ஏறக்குறைய 60, 70 இலட்சம் ஆண்டு. அந்தக் குரங்கு மனிதனாகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. அது தன் வழியில் வந்த கிளை.

"சரி, எந்த நாளில் முதல் மனிதன் பிறந்தான்?" என்று அக்கா மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதில் தமிழிலிருந்தே கிடைத்தது. ஒரு காலத்தில் சேர நாட்டில் பேசிய தமிழிலிருந்துதான் மலையாளம் பிரிந்தது. ஆனால் தாய் தமிழ் பேசி, மகள் மலையாளம் பேசிய வீடு என்று ஒன்று எந்த நாளிலும் இருந்ததில்லை. ஒவ்வொரு தாயும் மகளும் ஒரே மொழிதான் பேசினார்கள். தொடக்கத்தையும் முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இரண்டு மொழி தெரிகிறது. உயிரினங்களும் இப்படித்தான் பிரிந்தன.

ஏட்டுச்சுவடியில் ஒரே பிழை

சான்று என்ன என்று கேட்பது நியாயம். புதைபடிவங்களைப் பலரும் அறிவார்கள். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது டிக்டாலிக் என்ற பழங்கால மீன். மீன்கள் தரை நோக்கி நகரத் தொடங்கிய காலம் ஏறக்குறைய 37.5 கோடி ஆண்டுக்கு முன்பு என்று வைத்துக்கொண்டு, அந்த வயதுப் பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று தேடி, கனடாவின் வட கோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் ஆண்டுக்கணக்கில் தோண்டி, 2004-இல் அதைக் கண்டெடுத்தார்கள். செதிலும் துடுப்பும் மீனுக்கு உள்ளவை. கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்பும் தரை விலங்குக்கு உள்ளவை. எங்கே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போய்த் தேடி எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம்.

இன்னொரு சான்று நம் உடம்புக்குள்ளேயே கிடக்கிறது. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு அது முடியாது, அதனால் கொய்யாவும் நெல்லியும் தேடுகிறோம். அதைத் தயாரிக்கும் மரபணு நம்மிடம் இல்லாமல் போகவில்லை. உடைந்து, பயனற்றுக் கிடக்கிறது. சிம்பன்ஸியிடமும் குரங்கிடமும் அதே மரபணு உடைந்துதான் கிடக்கிறது. பழைய ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த பெரியவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கியிருக்கும். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டின் வழி வந்த படிகள் என்றுதான் முடிவு கட்டுவார்கள்.

இந்த அறிவியலில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. அது பலருக்குத் தெரியாமலிருப்பது எனக்கு வருத்தம். இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்தவர்கள் இருவர். ஒருவர் டார்வின். மற்றவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். அவர் 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார், வயது 31. புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் இல்லத்தில் தங்கி, காட்டில் வண்டு பிடித்தார். அப்போது அங்கே புலி நடமாட்டம் இருந்தது. புலிக்கு வெட்டிய குழிகளில் விழுந்துவிடாமல் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. மரம் வெட்டுகிறவர்கள் சாய்த்துப்போட்ட மரங்களும் உதிர்ந்த பட்டைகளும் வண்டுகளுக்கு விருந்து. ஏறக்குறைய ஒரு சதுர மைல் இடத்தில், இரண்டு மாதத்தில், 700 வகை வண்டுகள் அவருக்குக் கிடைத்தன.

இந்தக் குட்டி இடத்தில் ஏன் இத்தனை வகை? அந்த மாதிரிக் கேள்வியோடுதான் அவர் எட்டு ஆண்டுகள் இந்தத் தீவுகளைச் சுற்றினார். 1858 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தபோது அவருக்குப் பதில் கிடைத்தது. எழுதி டார்வினுக்கு அனுப்பினார். 1858 ஜூலை 1 அன்று இலண்டனில் லின்னியன் என்ற இயற்கையியல் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன. டார்வினின் நூல் வெளியானது அதற்கு அடுத்த ஆண்டு. டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் வாலஸ் பெயரில் ஒரு நடைபாதை இருக்கிறது. வாலஸைப் பற்றிச் சொல்ல இன்னும் ஒன்று உண்டு, பிறகு வருகிறேன்.

பிறந்து இளைத்தவர்

இனி இந்தப் பக்கம் வருவோம். ஆன்மிகத்தில் பரிணாமம் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சிவபுராணம். என் அப்பா தினமும் காலையில் பாடுவார்.

"புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப்
பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக்
கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்
வல்லசுர ராகி முனிவராய்த் தேவராய்ச்
செல்லாஅ நின்றஇத் தாவர சங்கமத்துள்
எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்"

மாணிக்கவாசகர் பரிணாமத்தைப் பாடினார் என்று மேடையில் சொல்பவர்கள், புல், புழு, விலங்கு, மனிதர் என்ற நாலை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறார்கள். முழுவதையும் வரிசையாகப் படியுங்கள். புழுவுக்குப் பிறகு மரம். பாம்புக்குப் பிறகு கல். மனிதருக்குப் பிறகு பேய். இது காலவரிசையே இல்லை. காலவரிசை சொல்வது அவர் நோக்கமும் இல்லை. தாவர சங்கமம் என்றால் நிற்பதும் நடப்பதுமான எல்லா உயிர்களும். அவை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றினூடே ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. புல் புழுவாக மாறியது என்று அவர் சொல்லவில்லை. புல்லுடம்பிலும் நான் இருந்தேன், புழுவுடம்பிலும் நான் இருந்தேன் என்கிறார். மாறுவது உடம்பு, தொடர்வது 'நான்'.

இந்த வரிகளின் பாரம் முழுவதும் 'இளைத்தேன்' என்ற சொல்லில் இருக்கிறது. களைத்துப்போனேன், போதும் என்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். உயிரியலின் கணக்கில் ஓர் உயிர் அதிகம் பிள்ளை பெற்றுப் பெருகினால் அது ஜெயித்தது. மாணிக்கவாசகருக்கோ மறுபடி பிறப்பதுதான் துன்பம், பிறவாமைதான் வேண்டுதல். வள்ளுவரும் பிறவியைப் பெருங்கடல் என்றார். அதை நீந்திக் கரையேற வேண்டும் என்றார். ஒரு பக்கம் பெருகும் கூட்டத்தின் வரலாறு. மறு பக்கம் களைத்துப்போன ஒரு தனி உயிர் வீடு கேட்டு அழுகிறது. ஒன்று மற்றதை முன்கூட்டிச் சொல்லிவிட்டது என்றால் இரண்டையுமே சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சைவ சித்தாந்தத்தில் உயிர் அனாதி, அதாவது தொடக்கமே இல்லாதது. ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களிலிருந்து, அதாவது உயிரைப் பிணிக்கும் அழுக்குகளிலிருந்து, அது மெல்ல விடுபட்டுப் பக்குவமடைய வேண்டும். அந்தப் பக்குவத்துக்காகவே உடம்புகளும் உலகமும் தரப்படுகின்றன. இது உண்மையிலேயே வளர்ச்சிக் கதை: தொடக்கத்தில் இருள், முடிவில் இறைவன் திருவடி, நடுவில் பாதை. இதற்குச் சான்று கேட்டால் புதைபடிவத்தைக் காட்ட மாட்டார்கள். அனுபவித்த அடியார் சொல்வதைக் கேள், நீயும் நின்று பார் என்பார்கள்.

தொல்காப்பியத்தையும் இதோடு சேர்த்துச் சொல்வதுண்டு. புல்லும் மரமும் தொடுவதை மட்டும் அறியும் ஓரறிவுயிர். நந்து, அதாவது நத்தை, நாவும் சேர்ந்து ஈரறிவு. எறும்புக்கு மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு, விலங்குக்கு ஐந்து, மனம் சேர்ந்த மனிதருக்கு ஆறு. அருமையான கவனிப்பு. ஆனால் இது உயிர்களை அடுக்கி வைத்த வகைப்பாடு. ஒன்று இன்னொன்றாக மாறி வந்தது என்று அதில் இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் இப்னு கல்தூனும் கனிமம், செடி, விலங்கு என்று அடுக்கும்போது, தொடுவதை மட்டும் அறியும் நத்தையையும் சிப்பியையும் விலங்குகளின் அடிப்படியில் வைக்கிறார். எங்கெங்கோ இருந்த மனிதர்கள் உயிர்களைப் பார்த்து ஏணி கட்டியிருக்கிறார்கள். ஏணியை மரமாக, கிளைவிட்டுப் படர்ந்த வம்சாவளியாக மாற்றிப் பார்த்ததுதான் டார்வினும் வாலஸும் செய்த புதிய காரியம்.

கோபுரத்து மீன்

அப்பா காட்டிய அவதார வரிசைக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். அந்த ஒப்பீடு கேட்க அழகாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது 'அப்பவே' சொன்னதல்ல. தியாசபி என்ற பிரம்மஞான இயக்கத்தைத் தொடங்கிய பிளாவட்ஸ்கி அம்மையார் 1877-இல் வெளியிட்ட நூலில் அவதாரங்களையும் டார்வினையும் இணைத்துப் பேசினார். டார்வின் நூல் வந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக அவதாரங்களைப் பாடிய ஆழ்வார்கள் அதில் கண்டது வேறு: ஆபத்தில் இருப்பவனைக் காக்க எந்த உருவமும் எடுத்து ஓடிவரும் கருணை. அவதாரம் என்ற சொல்லுக்கே இறங்கி வருதல் என்றுதான் பொருள். கீழிருந்து ஏறி வருவதாக அதைப் படித்தால் சொல்லையே தலைகீழாக்குகிறோம். வாமனனுக்குப் பிறகு வரும் பரசுராமனும் இராமனும் கண்ணனும் முழு மனிதர்கள், அவர்களிடையே உயிரினம் மாறவில்லை. ஆமை நம் மூதாதையும் இல்லை.

பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி ஆண்டு, பார்த்தீர்களா என்று வாட்ஸ்அப்பில் வருவதும் இதே வகை. பூமியின் வயதை விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து 1956-இல் கிளேர் பேட்டர்சன் என்பவர் கணித்தார். புராணக் கணக்கு யுகங்களைப் பெருக்கி வந்தது. எண்கள் பக்கத்தில் வந்ததால் வழிகளும் ஒன்றாகிவிடாது. என்றாலும், கோடிக்கணக்கான ஆண்டுகளை அச்சமில்லாமல் நினைத்துப் பார்த்த முன்னோர் நமக்கு இருந்தார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதனாலோ என்னவோ, பூமி மிகப் பழையது என்று பள்ளியில் சொன்னபோது நம் பிள்ளைகளுக்கு அது அதிர்ச்சியாக இல்லை.

டார்வினைப் படித்துவிட்டுப் பேசிய ஆன்மிகர்கள்

பழையவர்களிடம் டார்வினைத் தேடுவதைவிட, டார்வினுக்குப் பிறகு வந்து அவருக்கு நேரடியாகப் பதில் சொன்னவர்களைக் கேட்பது பயனுள்ளது. விவேகானந்தர், யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியின் உவமை ஒன்றை எடுத்துக்கொண்டார். உழவன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் போவதில்லை, வரப்பை வெட்டிவிடுகிறான், தண்ணீர் தானாகப் பாய்கிறது. அதுபோல முழுமை ஒவ்வோர் உயிருக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது. தடை நீங்கினால் வெளிப்படும். போட்டியும் போராட்டமும் அதற்குக் கட்டாயக் காரணங்கள் அல்ல என்றார்.

அரவிந்தர் இன்னும் ஆழமாகப் போனார். இங்கிலாந்தில் படித்தவர், 1910-இல் புதுச்சேரிக்கு வந்து 1950-இல் மறையும் வரை அங்கேயே இருந்தவர். சடப்பொருளிலிருந்து உயிர், உயிரிலிருந்து மனம் தோன்றியது என்ற வரிசையை அவர் மறுக்கவில்லை. சடத்துக்குள் எதுவுமே இல்லாதிருந்தால் அதிலிருந்து மனம் எப்படி வந்தது என்று கேட்டார். பேருணர்வு முதலில் சடத்துக்குள் ஒடுங்கியது, பிறகு படிப்படியாக விரிகிறது என்பது அவர் பதில். ஒடுங்கியது விரிகிறது என்றால் பால், தயிர் கதைதான். சாங்கியத்தின் பரிணாமம் புது உடையில் வருகிறது. மனிதனோடு இது முடியவில்லை, மனத்துக்கு மேலும் ஒரு படி இருக்கிறது, மனிதன் இடைவழியில் நிற்பவன் என்றும் அவர் சொன்னார். உயிரியல் இதை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் கருவி இல்லை. அடுத்து இன்னதுதான் வரும் என்று சொல்லும் திசை உயிரியலுக்குக் கிடையாது. அரவிந்தரின் கேள்வி மட்டும் பெரிய கேள்வி என்பது என் எண்ணம்.

நம் ஊரில் தமிழர் என்றால் இந்துக்கள் மட்டுமில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் 1996-இல் போப் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். ஆன்மா மட்டும் இறைவன் நேரடியாகப் படைப்பது என்பது திருச்சபையின் நிலை. கிறிஸ்தவர்களில் ஆறு நாள் படைப்பை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்களும் உண்டு. முஸ்லிம்களிடையே மற்ற உயிர்களின் மாற்றத்தை ஏற்றுக்கொண்டு, ஆதம் நபியின் படைப்பைத் தனியாக வைப்போர் இருக்கிறார்கள், முழுதும் ஏற்காதோரும் இருக்கிறார்கள். இந்த மூன்று சமயத்தாரும் ஒரே உயிரியல் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

வாலஸின் இரண்டாம் பாதி

வாலஸுக்குத் திரும்புவோம். இங்கிலாந்து திரும்பிய பிறகு, 1860-களில் அவருக்கு ஆவியுலக நம்பிக்கையில் ஈடுபாடு வந்தது. 1869-இல் அவர் ஒன்று எழுதினார்: மனிதனின் கணித ஆற்றலும் இசையும் அறவுணர்வும் வெறும் பிழைப்புக்குத் தேவையானதைவிட மிக அதிகம், இவற்றை இயற்கைத் தேர்வு மட்டும் தந்திருக்க முடியாது, ஒரு பேரறிவு வழிநடத்தியிருக்க வேண்டும். வெளிவருமுன்பே செய்தி தெரிந்த டார்வின் பதறிப்போய் அவருக்கு எழுதினார்: உங்களுடையதும் என்னுடையதுமான குழந்தையை நீங்கள் அடியோடு கொன்றுவிடவில்லை என்று நம்புகிறேன்.

இந்த வாதத்தை இன்றைய உயிரியலாளர்கள் ஏற்பதில்லை. ஒரு வேலைக்காக உருவான ஆற்றல் வேறு வேலைக்கும் உதவலாம். விரல் வீணை வாசிப்பதற்காக உருவாகவில்லை. இன்று விளக்கமில்லாத இடத்தில் கடவுளை வைத்தால், நாளை விளக்கம் வரும்போது அவரை அங்கிருந்து எழுப்ப வேண்டிவரும். பக்தியுள்ளவர்களுக்கே அது நல்லதில்லை. ஆனால் வாலஸ் விரல் வைத்த இடம் இன்னும் வலிக்கிறது. மூளையில் எந்தப் பகுதி எப்போது இயங்குகிறது என்று படம் பிடித்துவிடலாம். அந்த இயக்கம் உள்ளிருந்து ஓர் 'அனுபவமாக', கீர்த்தனை கேட்டுக் கண் கலங்குவதாக, ஏன் இருக்கிறது என்பதற்கு எல்லாரும் ஏற்கும் விடை அறிவியலில் இன்னும் இல்லை. மாணிக்கவாசகரின் 'நான்' நிற்பது அந்த இடத்தில்தான். ஆன்மா இல்லை என்று பரிணாமம் நிரூபித்துவிட்டது என்பவர்களும் தங்கள் கையில் இல்லாததைத்தான் பேசுகிறார்கள்.

இரண்டு பக்கமும் மனிதர்களைக் காயப்படுத்தியிருக்கிறது. இதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 'தகுதியுள்ளது பிழைக்கும்' என்ற தொடர் டார்வினுடையதல்ல. 1864-இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் எழுதியது, டார்வின் பின்னால் எடுத்துக்கொண்டார். தகுதி என்றால் இங்கே சூழலுக்குப் பொருந்துதல். அதை வலிமை என்று திரித்து, இனங்களை மேல் கீழ் என்று அடுக்கி, ஆள்வதற்கு நியாயம் கற்பித்தார்கள். இந்தப் பக்கம், முற்பிறவி வினை என்று சொல்லி ஒருவரைப் பிறப்பால் தாழ்த்தினார்கள். எல்லாப் பிறப்பும் நானே பிறந்தேன் என்று பாடியவருக்கு, யாரைக் கீழே வைக்க மனம் வரும்? பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை எடுக்கும்போது இந்த இரண்டு திரிபையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

புத்தகத்தில் படிப்பதற்கு முன் நேரில் பார்க்க வேண்டும் என்றால், கென்ட் ரிட்ஜில் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மூன்று பெரிய டைனோசர் எலும்புக்கூடுகள் அங்கே நிற்கின்றன. நான் அப்பாவையும் அக்கா மகளையும் கூட்டிப்போனது சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்கு. நீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போனால், மரப்பாலத்துக்குக் கீழே சேற்றில் மட்ஸ்கிப்பர் என்கிற மீன் முன் துடுப்பை ஊன்றி ஊன்றித் தவழ்வதைப் பார்க்கலாம். செவுள் அறையில் தண்ணீரை அடக்கிக்கொண்டு, ஈரத் தோலாலும் மூச்சு வாங்கி, தண்ணீருக்கு வெளியே நெடுநேரம் இருக்கும்.

அப்பா கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுதான் நம்ம பூட்டனா?" என்று கேட்டார்.

"இல்ல தாத்தா," என்றாள் அவள். "நம்ம வழி வேற மீன். இது இன்னொரு கிளை. 40 கோடி வருஷத்துக்கும் முன்னாடி போனா ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டி."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. மீன் சேற்றில் ஒரு தாவு தாவி, திரும்பி நின்றது.

"அப்படின்னா," என்றார், "இது நமக்கு என்ன முறை வேணும்?"

அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.